உப்பு லொறியின் சாரதி

ரெய்னர்ஸ் லேன்
14.01.1991

அன்புத் தங்கச்சி சிவமலருக்கு,

வீட்டில் எல்லோரும் நல்ல சுகம். போன் எடுத்தால் நீ ஒன்றில் நித்திரை, இல்லாவிட்டால் வேலை. கவுன்சில் கந்தோரில் இரவில் என்ன வேலையோ எனக்கு விளங்கவில்லை. அதனால்தான் கடிதம். இது எழுத்தில் இருக்க வேண்டிய விஷயமும்கூட.

வெள்ளிக்கிழமை மாலை உன்னைப் பார்க்க வந்து, நீ வீட்டில் இல்லாததால் திரும்பினேன் அல்லவா? ஏழு மணிபோல லண்டன் றோட்டில் பனி உறையாமல் உப்புப் போடும் ஒரு மஞ்சள் லொறி எதிரே வந்து, என் புதுக் கார் முழுக்க உப்பை வாரி இறைத்துவிட்டுப் போனது. இன்று பார்த்தால் பொனெற்றில் ஐயர் வைத்த சந்தனப் பொட்டைச் சுற்றிப் பெயின்ற் கொப்பளித்து நிற்கிறது. கார் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உன் மச்சாள் அழுதே விட்டாள்.

லொறியின் கதவில் 23 என்று பெரிதாக எழுதியிருந்தது. நீ கவுன்சிலில் அதிகாரி. அந்தச் சாரதி யார் என்று கண்டுபிடித்து அவனை நன்றாகக் கண்டிக்க வேண்டும். கோயிலில் என் கூட்டாளி செல்வரத்தினத்திடமும் சொல்லிவிட்டேன், "என்ரை தங்கச்சி பாத்துக்கொள்ளுவாள்" என்று.

உன் அண்ணை
அம்பலவாணன்

மிச்சம், லண்டன்
18.01.1991

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தரம் வாசித்தபோது சிரித்தேன். இரண்டாம் தரம் சிரிப்பு வரவில்லை.

முதலில் காரைச் சொல்கிறேன். ஒரு நாள் உப்பு பெயின்றைக் கொப்பளிக்க வைக்காது. பொட்டு அழியக்கூடாது என்று வாங்கிய நாள் முதல் நீங்கள் காரைக் கழுவவே இல்லை. காய்ந்த சந்தனம் உப்புத் தண்ணீரைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொண்டது. இனி வாரத்துக்கு ஒருதரம் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவுங்கள், மட்கார்ட்டின் உள்பக்கமும் சேர்த்து. காய்ந்தபடி துணியால் துடைக்காதீர்கள், உப்பிலே கல்லும் இருக்கும், கீறிவிடும். பொட்டை மறுபடி வைக்கலாம், முருகன் கோபிக்க மாட்டார்.

அடுத்தது, 23ஆம் லொறியின் சாரதி. தேட வேண்டியிருக்கவில்லை அண்ணை. அது நான்தான்.

கவுன்சிலில் வேலை என்று நான் சொன்னது உண்மை. அதிகாரி என்பதை நீங்கள் சேர்த்தீர்கள், நான் திருத்தாமல் விட்டேன். அது என் பிழை, மன்னியுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் பெரிய லொறிக்கான லைசென்ஸ் எடுத்தேன். மூன்றாம் தரம்தான் பாஸ். மாரிக் குளிரில் றோட்டு வழுக்காமல் உப்புப் போடுகிறேன், மற்றக் காலத்தில் றோட்டு வேலைக்குக் கல்லும் தாரும் ஏற்றுகிறேன். வெள்ளிக்கிழமை எதிரே வந்தது உங்கள் கார் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் உப்பை நிறுத்தியிருக்க முடியாது.

அன்புத் தங்கை
சிவமலர்

ரெய்னர்ஸ் லேன்
23.01.1991

சிவமலருக்கு,

என்னத்தை எழுதுவது? இரண்டு வருஷமாக என் தங்கச்சி அதிகாரி என்று சொல்லித் திரிந்திருக்கிறேன். எத்தனை பேரின் அரசாங்க பெனிபிட் காசுப் படிவங்களை நிரப்பித் தரச்சொல்லி உன்னிடம் அனுப்பினேன்! அவர்களுக்கெல்லாம் இனி என்ன சொல்வேன்? ஆம்பிளையள் செய்யிற லொறி வேலையை என் தங்கச்சி செய்கிறாள் என்றா?

கந்தோர் வேலை ஒன்று கேள். மாறும்வரை கோயில் பக்கம் வராதே. அடுத்த கிழமை தைப்பூசம், நாலு சனத்துக்கு நடுவே உனக்குப் பக்கத்தில் நான் எப்படி நிற்பது?

அம்பலவாணன்

மிச்சம், லண்டன்
27.01.1991

அன்புள்ள அண்ணைக்கு,

தைப்பூசத்துக்கு வரமாட்டேன். அன்றைக்கு எனக்கு ஷிப்ட். வெட்கப்பட்டு ஒளித்திருக்கிறேன் என்று நினைக்கவேண்டாம்.

அந்தப் படிவங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயின. லொறிக்கு உப்பு ஏற்றும் நேரத்தில் ஸ்ரேறிங்கில் வைத்து நிரப்பினேன். ஒன்றாவது திரும்பி வந்ததா என்று உங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.

லொறிகள் நிற்கும் யார்டில் முப்பத்தொரு ஆண்கள், நான் ஒருத்தி. முதல் மாதம் என்னோடு ஒருவரும் தேத்தண்ணி குடிக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏற்றத்தை என்னிடம்தான் தருகிறார்கள், ஏனென்றால் அந்த ஏற்றத்தில் என் கையால் உப்புப் போட்ட நாட்களில் ஒரு அம்புலன்சும் வழுக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. வேலை மாறமாட்டேன் அண்ணை.

நீங்கள் பேசாமல் விட்டால் அழுவேன். அழுதுவிட்டு ஷிப்டுக்குப் போவேன். வழமைபோல ஏழு மணிக்கு லண்டன் றோட்டில் இருப்பேன்.

என்றும் அன்புடன்
சிவமலர்

ரெய்னர்ஸ் லேன்
13.02.1991

அன்புத் தங்கச்சிக்கு,

இரண்டு கிழமைக்கு மேல் உனக்கு எழுதவில்லை. எழுத இருந்தால் கோபம் வந்தது, கோபம் போனபின் வெட்கம் வந்தது.

பனி கொட்டிய சனிக்கிழமை காரை வீட்டில் விட்டுவிட்டு, ரெயில் ஓடிய தூரம் மட்டும் அதிலே வந்து, மிச்சத்தைக் காலால் நடந்து உன் பக்கம் வந்தேன். உன் கதவைத் தட்டத் துணிவில்லை. லண்டன் றோட்டு பஸ் தரிப்பில் போய் நின்றேன். பஸ் இல்லாமல் பத்துப் பதினைந்து பேர் குளிரில் விறைத்துக்கொண்டு நின்றார்கள், அதிலே ஒரு நேர்ஸ் இரவு டியூட்டிக்குப் பிந்துகிறதே என்று தவித்துக்கொண்டிருந்தாள்.

ஏழேகாலுக்கு நீ வந்தாய். அவ்வளவு பெரிய லொறியை இவ்வளவு மெதுவாக, வளைவில் ஒரு அசைவும் இல்லாமல் கொண்டுவந்தாய். கை காட்டினேன். நீ பார்க்கவில்லை, உன் கண் றோட்டிலே இருந்தது. அதுதான் சரி. இனியும் என்னைக் கண்டால் பார்க்காதே. உப்பு என் சப்பாத்தெல்லாம் தெறித்தது, நான் அசையாமல் நின்றேன்.

நீ உப்புப் போட்ட வழியால் கொஞ்ச நேரத்தில் பஸ் வந்தது. ஏறும்போது அந்த நேர்ஸிடம், அந்த லொறியை ஓட்டிப் போனது என் தங்கச்சி என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

23ஆம் லொறிச் சாரதியின் அண்ணை
அம்பலவாணன்