தூக்கிப் பார்க்காத வில்லை

7 மார்ச் 1983, திங்கள்
இன்றும் உலையிலிருந்து பால் போல வெள்ளையாகத்தான் வந்தது. இது இருபத்து மூன்றாவது வில்லை. படிகம் வளர்க்காமல், அலுமினாப் பொடியை அழுத்திச் சுட்டே கண்ணாடி போலத் தெளிந்த பீங்கான் செய்து, அதிலிருந்து சிவப்பு லேசர் எடுக்க வேண்டுமாம். வில்லை தெளிந்தால் என்னை ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாக எஞ்சினியர் பரஞ்சோதி வாக்குக் கொடுத்திருக்கிறார். மலேசியாவை விட்டு எங்கும் போகாமல், இந்தச் சுங்கை பட்டாணி ஊர்த் தொழிற்சாலையில் பதினொரு வருஷமாக உலைக்கு முன்னால் வெந்துகொண்டிருக்கிறேன். இதையாவது கொடுக்கட்டும்.

19 மார்ச், சனி
வில்லையைப் பேப்பர்மேல் வைத்தேன். கீழே இருந்த எழுத்து பளிச்சென்று தெரிந்தது. பரஞ்சோதி என் தோளைத் தட்டினார். “ஜூலியஸ், பாஸ்போர்ட் எடுத்து வைங்க லா.”

அவர் போனதும், பொடி சலிக்கிற பாப்பம்மா வில்லையை இரண்டு விரல் உயரம் தூக்கினாள். “அண்ணே, தூக்குனா ஒண்ணும் தெரியலையே.”

ஒட்டி வைத்தால் மங்கல் வில்லையிலும் எழுத்து தெரியும். எனக்குத் தெரியாததா? “வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு”ன்னேன்.

20 மார்ச்
பரஞ்சோதியிடம் சொல்லிவிடலாமா? — சொல்லவில்லை.

4 ஏப்ரல், திங்கள்
தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் பேப்பரைத் தொடவே இல்லை. சிவப்பு லேசரை வில்லைக்குள் விட்டார். எதிர்ச்சுவரில் புள்ளி விழவில்லை. வில்லை முழுக்க இளஞ்சிவப்பாக மின்னியது. “இத வெளக்குக்கு மூடியா போடலாம்” என்றார். பரஞ்சோதி முகம் செத்துப்போச்சு.

5 ஏப்ரல்
பொடி சரியாகச் சலிக்கப்படவில்லை என்று அறிக்கை எழுதியிருக்கிறார்கள். பொய். ஜப்பான் அவசரத்தில் உலைச்சூட்டை மளமளவென்று ஏற்றியது நான். காற்று உள்ளேயே மாட்டிக்கொண்டது. பரஞ்சோதி பேனாவை நீட்டினார். “உங்க வேலையாச்சும் மிஞ்சட்டும்.”

கையெழுத்துப் போட்டேன். போட்டேனே — நானும் ஒரு மனுஷனா?

30 ஏப்ரல்
பாப்பம்மாவை நிறுத்திவிட்டார்கள். தடுக்க நான் போகவில்லை. ஜப்பானும் இல்லை. ஏன் சாப்பிடவில்லை என்று ஜேன் கேட்டாள். கட்டின மனைவியிடம்கூடப் பொய்தான். வயிறு சரியில்லை என்றேன்.

14 ஆகஸ்ட், ஞாயிறு
மாதா கோயில் பூசை முடிந்து பாடாங் செராய் ஊர்ப் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனேன். பாப்பம்மா சாக்கு விரித்துக் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். திரும்பிவிடப் பார்த்தேன், கூப்பிட்டுவிட்டாள்.

“அண்ணே, என்னை நிறுத்தக் கூடாதுன்னு நீங்க சண்டை போட்டீங்களாமே. பரஞ்சோதி சார் சொன்னாரு. அங்க உங்க ஒருத்தருக்குத்தான் மனசு இருக்கு.”

காசு வாங்க மாட்டேன் என்று இரண்டு கட்டு கங்கோங் கீரையை என் பையில் திணித்தாள்.

“பரவாயில்ல பாப்பம்மா, அதுக்கென்ன” என்றேன்.