மூன்றாவது தடவைக்கு அப்புறம்

எலூல் 26, ஞாயிறு
இன்றும் விடியற்கால மன்றாட்டுக்கு மசாலாக் கடை நாஜி வரவில்லை. முப்பது வருஷமாக எங்கள் யூத ஜெபக்கூடத்தில் முன்னால் நின்று பாடுகிறவன். போன மாசம் ஒரு கல்யாண விருந்தில், உச்சத்தில் போகும்போது அவன் தொண்டை உடையுமே, அதை அப்படியே பாடிக் காட்டினேன். இரண்டு வீட்டாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாஜி தட்டை வைத்துவிட்டுப் போனவன்தான். அவனுக்குப் பதில் இப்போது ஒருத்தர் நிற்கிறார். பாடுகிறாரா, கொட்டாவி விடுகிறாரா, தெரியவில்லை.

என் மனைவி குர்ஜியா விடவில்லை. "பெரிய நோன்பு வருது. அவரு மன்னிக்காம ஆண்டவனும் உங்களை மன்னிக்க மாட்டாரு. போய்க் கேளுங்க."

எலூல் 27, திங்கள்
எங்கள் மதகுரு ஹக்காமிடம் சட்டம் கேட்டேன். மூன்று பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு மூன்று தடவை கேட்க வேண்டுமாம். மூன்றும் மறுத்தால், பாரம் மறுத்தவன் தலையில். அதற்கு மேல் மனசு, உள்ளம் என்று ஏதோ ஆரம்பித்தார். நான் வாசலைத் தாண்டிவிட்டேன்.

மூன்று மறுப்பு, அவ்வளவுதானே? நாஜிக்குக் கோபம் மூட்ட எனக்குச் சொல்லித் தர வேண்டுமா?

எலூல் 28, செவ்வாய்
சாட்சிகளோடு மஹனே யெஹூதா சந்தையில் அவன் மசாலாக் கடைக்குப் போனேன். "உன் தொண்டையை நான் மன்னிச்சுட்டேன் நாஜி. நீ என்னை மன்னிச்சிடு."
"வெளிய போடா!"
ஒன்று.

திஷ்ரி 5, திங்கள்
புது வருஷத்துக்கென்று தேன் கொண்டுபோனேன். "தொண்டைக்கு நல்லது" என்றேன். ஜாடி தெருவுக்கு வந்தது. மூடி இன்னும் வரவில்லை. இரண்டு.

திஷ்ரி 9, வெள்ளி
சாயங்காலம் நோன்பு தொடங்குகிறது. ஒரே ஒரு மறுப்புதான் பாக்கி. சாட்சிகளை வரிசையாக நிறுத்தி, அவன் ராகத்திலேயே இழுத்தேன்: "மன்னிச்சிடு நாஜீ..."

அவன் மஞ்சள் நிறுத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "மன்னிச்சுட்டேன் அபூ ஸல்மான். நல்லபடியா நோன்பு இரு."

சாட்சிகள் என் கையைக் குலுக்கினார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது? அவன் கொடுத்துவிட்டான். நான் எங்கே கேட்டேன்?

திஷ்ரி 11, ஞாயிறு
நோன்பு முழுக்க ஜெபக்கூடத்தில் அவன் இடம் காலி.
"அதான் மன்னிப்பு வாங்கியாச்சே, இன்னும் என்ன?" என்றாள் குர்ஜியா.
"நான் கேக்கவே இல்லடி."
அவள் என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

திஷ்ரி 12, திங்கள்
தனியாகப் போனேன். சாட்சி இல்லை. சட்டப்படி போக வேண்டியதும் இல்லை. வழியெல்லாம் ஒரு கிண்டல் யோசித்து வைத்திருந்தேன், அவன் முகத்தைப் பார்த்ததும் வாயில் வரவில்லை.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உன்னை... தப்பு நாஜி. மன்னிச்சிடுப்பா."
"வெள்ளிக்கிழமையே குடுத்தேனே."
"அன்னிக்கு நான் கேட்டது கணக்குல சேராது."

அவன் மீசை லேசாக ஆடியது. சிரிக்கிறானா, பாவி?

"அன்னிக்கு விளையாட்டாக் கேட்ட, தொலையட்டும்னு குடுத்தேன். இன்னிக்கு நெஜமாக் கேக்கற. யோசிச்சுத்தான் சொல்லணும். நாளைக்கு வா."

திஷ்ரி 13, செவ்வாய்
போனேன். "இன்னும் யோசிச்சுட்டிருக்கேன்" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு, காய்ந்த எலுமிச்சைத் தேநீர் இரண்டு டம்ளர் ஊற்றினான். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறான்.