அழுந்திக் கிடந்த பொத்தான்

உன் முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், உன் வீட்டம்மா உன் லாக் புக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். "எனக்கு இதுல ஒண்ணும் வெளங்கலண்ணே. அவுக உசுரா வச்சிருந்தாக. உங்களுக்குத்தான் ஆகும்" என்றார். விரித்ததும் ஈயம் பற்றவைத்த புகை வாசனை. எத்தனை மணிக்கு யாரிடம் பேசினோம் என்று குறித்துவைப்பது நம்மைப் போன்ற ஹாம் வானொலிக்காரர்களின் பழக்கம்தான். ஆனால் கால் ஒடிந்து கிடந்த அன்றைக்கும் நீ எழுதியிருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, மாப்ள.

பல வருடத்துக்கு முந்தைய ஞாயிறு அது. நம் ஒளிந்து தேடும் ஆட்டத்தில் ஒளிவது உன் முறை. நீ சின்ன டிரான்ஸ்மிட்டரோடு கடமலைக்குண்டைத் தாண்டி மலைக்குள் போய்விட்டாய். அது நிமிடத்துக்கு ஒருமுறை என் செட்டில் கத்தும். நான் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, சத்தம் கூடும் திசையில் வந்து உன்னைப் பிடிக்க வேண்டும். ஒளிந்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். பாறையில் பட்டுத் திரும்பிய சிக்னலை நம்பி, இரண்டு முறை எதிர்மலையில் ஏறி இறங்கினேன். முந்தைய மூன்று ஞாயிறும் தோற்றவன் வேறு. கோபம் தலைக்கேறி, ஊருக்குள் வந்து டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தது, பேசுவதற்கு நாம் ஆளுக்கொன்று வைத்திருந்த ஹேண்ட்செட்டின் மேல். தொடைக்கடியில் பேசும் பொத்தான் அழுந்திவிட்டது. அது அழுந்தியிருக்கும்வரை என் சத்தம் உனக்கு வரும். உன் சத்தம் எனக்கு வராது. நேற்றுச் செட் வாங்கியவன் செய்கிற தப்பு.

"10.40. வழுக்கி விழுந்தேன். இடது கால் போச்சு. கூப்பிடுறேன்" என்று கோணல் கோணலாக எழுதியிருக்கிறாய். "10.45. டீக்கடைச் சத்தம் கேக்குது. பொத்தான விடுறா." அந்த நேரத்தில் நான் வடை தின்றுகொண்டிருந்தேன். "கூட வந்தவுக எங்க சார்?" என்று கடைக்காரர் கேட்டார். நான் சொன்ன பதிலையும் ஓர் எழுத்து பிசகாமல் எழுதியிருக்கிறாய். "கெடக்கட்டும் அங்கனயே. என்னய அலைய விடுறதுல அவனுக்கு ஒரு சொகம்." அதன் கீழே ஒரே வரி: "ரத்தம் நிக்கல." பிறகு பக்கம் காலி.

இரண்டாவது டீயும் முடிந்து செட்டை எடுத்தபோது கை சுட்டது. இவ்வளவு நேரமும் பொத்தான் அழுந்தியே கிடந்த சூடு அது; நான் பேசியதெல்லாம் உனக்குக் கேட்டிருக்கும். "தப்பா எடுத்துக்காத மாப்ள" என்றேன். பதில் இல்லை. சட்டப்படி நீ பேச மாட்டாய் என்பதால் பயப்படவும் தோன்றவில்லை. டிரான்ஸ்மிட்டர் மட்டும் கத்தியது. மலைக்குத் திரும்பி, இந்த முறை ஆன்டெனாவை நம்பாமல், செட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெல்லச் சுற்றினேன். எந்தப் பக்கம் முதுகைக் காட்டும்போது உடம்பு மறைத்துச் சத்தம் மங்குகிறதோ, அந்தப் பக்கம்தான் நீ. ஓடைக்குள் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது உன் ஒற்றைச் செருப்பு. அப்புறம் பாறையெல்லாம் ரத்தம். ஓடினேன். நீ அசைவில்லாமல் கிடந்தாய். பக்கத்தில் அந்தச் சனியன் நிமிடம் தவறாமல் கத்திக்கொண்டிருந்தது. கன்னத்தில் தட்டித் தட்டி எழுப்பியபோது அரைக்கண் திறந்து, "வந்துட்டியா மாப்ள" என்றாய்.

தேனி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கால் மட்டும் கடைசிவரை நேராகவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ஒரு நிமிசம் நிக்காமத் தேடி வந்தான்" என்று என்னைக் காட்டினாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டம் கலைந்த பிறகு, "செட்டுல ஏதும் கேட்டுச்சா?" என்று மெல்லக் கேட்டேன்.

"விழுந்ததுல செட்டு அணைஞ்சு போச்சு மாப்ள. ஒண்ணும் கேக்கல."

இத்தனை வருடம் அந்தப் பொய்யில்தான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இப்போது மன்னிப்புக் கேட்க நினைத்தால் நீ இல்லை. கட்டுப் பிரித்த மூன்றாம் மாதம், அந்தக் காலை இழுத்துக்கொண்டு நீ டிரான்ஸ்மிட்டரோடு கிளம்பியதுதான் இப்போது கண்ணிலேயே நிற்கிறது. "நீ ஒளிய வேணாம், நாந்தான் ஒளிவேன். நீ தேடி வா" என்றாய். நான் சொன்னது அத்தனையையும் கேட்டவன் நீ. கேட்டும், தேடி வர என்னை விட்டால் வேறு ஆளில்லாத இடத்துக்குத்தான் மறுபடியும் போனாய்.