மூடுபனிக்குக் கறுப்பு ஜெக்கெட்

நேற்று கண்டியில் மலைச் சைக்கிளோட்டப் போட்டிக்கான ஊடகச் சந்திப்பு. நிருபர்கள் எங்களுக்கும் ஆளுக்கொரு மழை ஜெக்கெட் தந்தார்கள். உறையைப் பிரித்ததும் புது ரப்பர் வாடை. கறுப்பு. மறுபடியும் அதே கறுப்பு. உன்னை நினைத்துக் கண் கலங்கவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

உடுப்பு விஷயத்தில் நீ பெரிய பிடிவாதக்காரன். ஹந்தானை மலை ஏற்றத்துக்கு வியர்வை தங்காத மெல்லிய ஜேர்சி. உச்சியில் கையுறை, விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது என்பாய். இறங்குமுன் என் பையிலிருந்து எங்கள் பேப்பரை உருவி, மடித்து, காற்றுக்குத் தடுப்பாக ஜேர்சிக்குள் நெஞ்சோடு செருகுவாய்.

“நீ எழுதுறது இதுக்காச்சும் ஒதவுதே, மச்சான்!”

“ஆசிரியர் தலையங்கத்த உள்பக்கம் வை. நல்ல சூடு.”

அதன்மேல் மஞ்சள் ஜெக்கெட். மூடுபனிக்கு மஞ்சள்தான், அதில் உன்னிடம் மறுபேச்சே கிடையாது.

போன வருடப் போட்டியன்று உச்சியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நீ மஞ்சளை எடுத்தாய். ஏற்பாட்டாளர் ஓடி வந்தார்.

“அனுசரணைக் கொம்பனி தந்ததத்தான் போடணும். போட்டோவுல பேர் தெரிய வேணாமா?”

“பேரு தெரியும் சேர். நான் தெரியணுமே.”

“அப்ப நம்பரக் கழட்டிட்டு வீட்டுக்குப் போங்க.”

அந்தப் போட்டிக்காக வருடம் முழுவதும் அந்த மலையில் ஏறி இறங்கியவன் நீ. மஞ்சளை என் கையில் தந்துவிட்டுக் கறுப்பைப் போட்டாய். பாதையை மூடாமலே போட்டி நடத்தினார்கள். இரண்டாவது வளைவில் எதிரே லொறி.

மரண விசாரணையில் அதே ஏற்பாட்டாளர் சொன்னார்: “வீரர் கரு நிற உடை அணிந்திருந்தார். கவலையீனம்.” அணியச் சொன்னது யார் என்று நான் எழுதியதை எங்கள் ஆசிரியபீடம் வெட்டியது. அந்தக் கொம்பனி எங்களுக்கு விளம்பரம் தருகிறது. ‘கவலையீனம்’ மட்டும் அச்சில் வந்தது.

என்னை அண்ணனாக எண்ணி ‘நானா’ என்றழைக்கும் உன் மனைவி அந்தப் பேப்பரை என்முன் விரித்தாள். “நானா, இவரா கவலையீனமான ஆளு? மழ வராட்டியும் மூணு தடவ வானத்தப் பாக்குற மனுசன்!” நடந்ததைச் சொல்லி மஞ்சள் ஜெக்கெட்டை நீட்டினேன். “நீங்களே போடுங்க” என்றாள்.

நேற்று அந்த ஏற்பாட்டாளரிடம் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன்: “மூடுபனியில மஞ்சள் போட விடுவீங்களா?”

“பழைய கதைய ஏன் சேர் இழுக்கிறீங்க?”

“பழசா? இந்தா, இப்பதான் உறையப் பிரிச்சேன்.”

ஜெக்கெட்டை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இன்று காலை சைக்கிளில் ஹந்தானைக்கு ஏறினேன். பேப்பரில் போட்டி விவரம் இருந்தது, பரிசு இருந்தது, என் கேள்வி இல்லை. உச்சியில் அதை மடித்து நெஞ்சோடு செருகினேன். நீ சொன்னபடி, இதற்குத்தான் உதவியது. அதன்மேல் உன் மஞ்சள். இரண்டாவது வளைவில் பனி அடர்த்தியாக இருந்தது. எதிரே வந்த லொறிக்காரர் தூரத்திலேயே என்னைக் கண்டு, ஹோர்ன் அடித்து, ஓரம் கட்டினார்.