எழுபத்தொன்றாம் இடம்

செவ்வாய்க்கிழமை, மதியம்
புல்வெட்டி ஷெட்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன், இதற்கு மேல் அடக்கிவைத்தால் எனக்கு வயிறு வெடித்துவிடும். நம் மைதானம் பட்டியலில் வந்துவிட்டது! உலகத்தின் சிறந்த நூறு கோல்ஃப் மைதானங்களில் நம்முடையது எழுபத்தொன்று. இன்னொரு தடவை படியுங்கள். காலையிலிருந்து நான் இதை அறுபது தடவையாவது சொல்லியிருப்பேன். ஆள் கிடைக்காதபோது கத்தி தீட்டுகிற இயந்திரத்திடம் கூடச் சொன்னேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் முதல் வரியிலேயே குறுக்கே விழுந்து, 'ஏழாவது குழியைப் பத்தி என்ன எழுதினாங்க?' என்று ஆரம்பிப்பீர்கள். நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. டிராக்டர்காரரின் தங்கை, நீங்கள் இருக்கும் ஊரில் நர்ஸாக இருக்கிறாளே, லீவு முடிந்து வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை உங்களிடம் வந்துவிடும். திங்கட்கிழமை அந்த ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போவதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்னால் இதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுங்கள்.

செய்தி வந்த விதத்தைக் கேளுங்கள். காலையில் இங்கே உட்கார்ந்து கிரீஸ் போட்டுக்கொண்டிருக்கிறேன், கிளப் தலைவர் ஓடி வருகிறார். நடந்து இல்லை, ஓடி! இந்த ஷெட்டுக்குள் அவர் காலடி வைத்ததே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு காலில் செருப்பு இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, 'அம்மா, வந்துடுச்சும்மா, வந்துடுச்சு' என்றார். என்ன வந்தது, தீயணைப்பு வண்டியா என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம்தான் கையிலிருந்த தாளை நீட்டினார். என் கையில் இருந்த கிரீஸ் முழுக்க அந்தத் தாளில் ஒட்டியது, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை மனிதர்.

இனி உங்களிடம் மறைத்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் மதிப்பீடு செய்பவர்கள் வந்தார்கள், நன்றாக நடந்தது என்று மட்டும்தானே போனில் சொன்னேன்? நடந்தது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை.

அவர்கள் வரப்போவது பதினைந்து நாளுக்கு முன்பே தலைவருக்குத் தெரிந்துவிட்டது. உடனே பதினெட்டாவது குழிக்குப் பக்கத்தில் ஒரு செயற்கை அருவி கட்டினார். கிளப் வரவேற்பறைக்குப் புதுக் கம்பளம் போட்டார். தரைக்குத் தினமும் தண்ணீர், ஒரு இடத்தில் கூடப் பழுப்பு தெரியக்கூடாது என்று உத்தரவு. உங்கள் மனைவியாயிற்றே, என்னை நம்பவில்லை. பம்பு அறையைத் தன் அக்கா மகனிடம் ஒப்படைத்துவிட்டு வெளியூருக்குப் பெட்டி கட்டினார்.

நீங்கள் வால்வுகளுக்கு அடித்துவைத்துப் போன பெயிண்ட் ஞாபகம் இருக்கிறதா? உலகமெல்லாம் திறந்தால் பச்சை, மூடினால் சிவப்பு. உங்களுக்கு மட்டும் தலைகீழ். தண்ணீர் திறப்பதுதான் ஆபத்து, அதனால் அதற்குத்தான் சிவப்பு என்று பிரஷ்ஷும் கையுமாக ஒரு நாள் முழுக்க என்னோடு மல்லுக்கு நின்றீர்கள். பாவம் அந்த அக்கா மகன், நாற்பது வயது ஆள், பெரிய படிப்பு. கைப்பிடி முப்பத்திரண்டையும் கர்ம சிரத்தையாகப் பச்சைக்குத் திருப்பி, மைதானம் முழுவதையும் மூடிவிட்டார். குழாய்கள் பீய்ச்சுவது விடியற்காலையில், அவர் வருவது எட்டு மணிக்கு. அதனால் தினமும் வந்து, கைப்பிடிகளை எண்ணிப் பார்த்து, மாமாவுக்குப் போன் போட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்.

மூன்றாம் நாள் காலையில் என் பூட்ஸ் நனையவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பம்பு அறைக்குப் போய்ப் பார்த்தேன், எல்லாம் புரிந்தது. முதல் கைப்பிடியில் கை வைத்தேன். ஒரு திருப்பு திருப்பினால் போதும். திருப்பவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். கிரீன்களுக்கு மட்டும், குழியைச் சுற்றியுள்ள அந்தப் பட்டுப் புல் செத்துவிடக்கூடாதே என்று, கைக்குழாயால் நானே தண்ணீர் தெளித்தேன். மற்ற இடத்தை வெயிலிடமும் கடல்காற்றிடமும் விட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பன்னிரண்டு நாளில் தரை நீங்கள் ஆசைப்பட்ட நிறத்துக்கு வந்தது. பழுப்பும் பொன்னும் கலந்து, மேடு பள்ளம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பச்சையாக இருந்தபோது அந்த மடிப்புகளையெல்லாம் நானே பார்த்ததில்லை. நான் நடக்கும்போது காலடியில் தரை கிண்ணென்று பதில் சொன்னது. திருட்டுத்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

ஊரிலிருந்து திரும்பிய தலைவர் பார்த்தாரே, 'வைக்கோல் விரிச்சு வெச்சிருக்கீங்களா?' என்று தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். விடிந்தால் அவர்கள் வந்துவிடுவார்கள். அவசரமாக ஆறு பீப்பாய் பச்சைச் சாயம் வரவழைத்தார், புல்லுக்கு அடிக்க! சாயம் தெளிக்கும் வண்டியின் சாவியைக் காணோம் என்றார் டிராக்டர்காரர். ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடினார்கள். சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அந்த மனிதருக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

மறுநாள் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பனைமர உயரம், அடித்தால் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். இன்னொருவர் அறுபது வயதைத் தாண்டிய அம்மா, ஒரு குடை, மூன்றே மட்டை. எல்லாரும் உயரமானவரைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். தீர்ப்புச் சொல்லப்போவது குடைக்கார அம்மாதான் என்பது எனக்கு இரண்டாவது குழியிலேயே புரிந்துவிட்டது. அருவியைக் காட்டினார் தலைவர். இந்தச் சத்தத்தை நிறுத்த முடியுமா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காதில் விழவில்லை என்று கேட்டார் அந்த அம்மா. நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

இப்போது உங்கள் ஏழாவது குழி. உயரமானவர் நேராக மணல் பள்ளத்தைத் தாண்டி அடித்தார். பந்து கிரீனில் டொக்கென்று விழுந்து, நிற்காமல் ஓடி, பின்பக்கப் புதருக்குள் போனது. அந்த அம்மாவுக்கு அவ்வளவு தூரம் அடிக்கத் தெம்பு இல்லை. குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, குழியைப் பார்க்காமல் முப்பது அடி இடது பக்கம், அந்த மேட்டுச் சரிவைப் பார்த்துத் தட்டினார். பந்து மேட்டில் ஏறி, யோசித்து, திரும்பி, சரிவைப் பிடித்துக்கொண்டு உருண்டது பாருங்கள், உருண்டது, உருண்டது, குழிக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. 'அடி ஆத்தி!' என்று நான் கத்தியே விட்டேன். அந்த அம்மா சின்னப் பெண் மாதிரி குதித்தார். தினமும் தண்ணீர் விட்டிருந்தால் பந்து அந்த மேட்டிலேயே சொத்தென்று புதைந்திருக்கும். நீங்கள் இதைத்தான் ஆறு வருஷமாகக் கத்திக் கத்திச் சொன்னீர்கள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து ஏதேதோ எழுதினார். நான் பொறுக்க மாட்டாமல், உலகத்திலேயே நல்ல மைதானம் என்று எதை வைத்துச் சொல்வீர்கள் என்று கேட்டுவிட்டேன். அழகான புல், பெரிய கட்டடம் எல்லாம் எங்கேயும் வாங்கிவிடலாம் என்றார். ஆடிவிட்டுப் போனவன் மறுநாள் பல் தேய்க்கும்போது பதினெட்டுக் குழியும் ஒன்றோடொன்று குழம்பாமல் கண்முன்னால் வர வேண்டுமாம். பலசாலிக்கு ஒரு வழி, என்னைப் போன்ற கிழவிக்கு ஒரு வழி இருக்க வேண்டும், தைரியமாகப் போனவனும் ஜாக்கிரதையாகப் போனவனும் இரண்டு பேருமே அப்புறம் யோசிக்க வேண்டும் என்றார். பந்து தரையைத் தொட்டதோடு ஆட்டம் முடிந்துபோனால் அந்தத் தரை எதற்கு என்று கேட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வார்த்தைக்கு வார்த்தை உங்கள் பேச்சு. ஒரு வித்தியாசம், அவர் சொல்லும்போது கோபம் இல்லை.

பதினெட்டாவது முடிந்ததும், தரையை இப்படி வைத்திருப்பது யார் யோசனை என்று கேட்டார். தலைவர் பயந்துபோய், 'தினமும் தண்ணி விடுறோங்க, வெயில் ஜாஸ்தி' என்று இழுத்தார். அப்போது நான் வாயைத் திறந்தேன். 'கிரீன் தவிர வேற எங்கேயும் பன்னிரண்டு நாளா ஒரு சொட்டு விடலைங்க. எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் அப்படியே விட்டுட்டேன். இது என் வீட்டுக்காரர் சொன்ன வழி. இதைச் சொன்னதுக்குத்தான் அவரை வேலையை விட்டு அனுப்பினாங்க' என்றேன். முழுசாகச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா உங்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே எனக்கு நோட்டீஸ் வந்தது. பட்டியல் வரும்வரை வேலைக்குப் போகலாம், பட்டியலில் மைதானம் இல்லையென்றால் வேலையும் வீடும் கிடையாது. உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே இரண்டு டிக்கெட் அனுப்பியிருப்பீர்கள், நானும் தோற்றுப்போனவளாக வந்து சேர்ந்திருப்பேன். இரவெல்லாம் பெட்டியை எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தேன்.

இன்று அந்த நோட்டீஸைத் தலைவரே கிழித்துப் போட்டார். கிழித்த கையோடு, உங்கள் வீட்டுக்காரரைத் திரும்ப வரச் சொல்லுங்கள், பழைய தலைமைப் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடலாம், நீங்கள் முன்போல உதவிக்கு இருங்கள் என்றார். முடியாது என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பதினான்கு மாதம் இந்தத் தரையை வைத்திருந்தது நான். இந்தப் பதினெட்டும் என்னிடம்தான் இருக்கும். கடலோரம் சும்மா கிடக்கிற மணல்மேட்டில் புதிதாக ஒன்பது குழி போடப் போகிறார்களே, அதை உருவாக்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், அவருக்கு நீங்களே உங்கள் கையால் எழுதிக் கேளுங்கள் என்றேன். ஒற்றைச் செருப்போடு போனவர் ஒரு மணி நேரத்தில் கடிதம் அனுப்பிவிட்டார். இதோடு வைத்திருக்கிறேன். அங்கே உங்களுக்குக் கிடைப்பதைவிடச் சம்பளம் குறைவுதான். மணல்மேடு மட்டும் இங்கேதான் இருக்கிறது.

வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. எழுபத்தொன்று என்று சொன்னதும், 'அப்போ நமக்கு முன்னாடி எழுபது பேர் இருக்காங்களா? நாம சரியா படிக்கலையாம்மா?' என்று கேட்கிறாள். அப்படியே உங்கள் வாரிசு. உலகத்தின் எழுபத்தொன்றாவது மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவள் வீட்டுச் சமையலறைக் குழாய் மூன்று வாரமாக ஒழுகுகிறது. உங்களுக்கு அந்த முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருக்கும், நர்ஸிடம் இரண்டு பாட்டில் கொடுத்திருக்கிறேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் போனில் வராதது. உங்களை வேலையை விட்டு அனுப்பிய அன்றைக்குக் கூட்டத்தில் தலைவர் என் பக்கம் திரும்பி, 'நீ என்னம்மா சொல்ற?' என்று கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நீங்கள் சொல்வது சரியென்று எனக்குத் தெரியும். வீடு அவர்களுடையது, மகளுக்கு அப்போதுதான் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது என்று பதினான்கு மாதமாக எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு காரணமும் நிற்கவில்லை. நீங்கள் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நான் செய்தது தப்பு. மன்னித்துவிடுங்கள்.

வால்வுகளுக்கு எல்லா ஊரிலும் உள்ளபடி நிறத்தை மாற்றச் சொல்லிப் புதுப் பெயிண்ட் வந்திருக்கிறது. டப்பாவை நான் திறக்கவில்லை. வந்து நீங்கள் மாற்றுங்கள், அல்லது என்னோடு மல்லுக்கு நின்று அப்படியே விடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுள் உங்களுக்குத் துணையிருக்கட்டும். திங்கட்கிழமை பேனாவைக் கையில் எடுக்காதீர்கள். இப்போது நான் தரையைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன். வீட்டுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி