சொர்ணத்தாய் கொடுத்த வாக்குமூலம்

கோவில்பட்டி வட்டம்,
மாசி மாதம், 1999

அன்புள்ள அத்தானுக்கு வெயிலம்மாள் எழுதுவது.

நானும் செல்வியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் உடம்பைப் பற்றி நேரில் கேட்டுப்போகத்தான் போன திங்கட்கிழமை சிறைக்கு வந்தேன். மனு எழுதிக் கொடுத்துவிட்டு மற்றப் பெண்களோடு காத்திருந்தேன். உள்ளே போன வார்டர் திரும்பி வந்து, “வரமாட்டேன்னுட்டாரும்மா, இழுத்துக்கிட்டா வர முடியும்?” என்றார். மார்கழியில் வந்தபோதும் இதே பதில்தான். அப்போது உங்கள் அப்பா போன துக்கம் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். இந்தத் தடவை அப்படி நினைக்க முடியவில்லை.

இதைப் பிரித்துப் படித்துவிட்டு உங்களிடம் கொடுக்கும் அதிகாரி அய்யாவுக்கும் என் வணக்கம். இதில் மறைக்க ஒன்றுமில்லை. எந்த வரியையும் அடிக்காமல் கொடுத்தால் அவர் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கும்.

உங்களோடு சிறைத் தையல் கூடத்தில் இருந்த குளத்தூர் நந்தகோபால் விடுதலையாகி வந்ததும் நம் வீட்டுக்கு வந்தார். ஊரில் யாரும் வேலை தரவில்லையாம், உப்பளத்தில் கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். போகும்போது தயங்கித் தயங்கித்தான் உங்களைப் பற்றிச் சொன்னார். “அண்ணாச்சி இப்ப தையல் கூடத்துக்கே வாரதில்ல மதினி. சுவரப் பாத்து உக்காந்திருக்காவ. எங்கப்பன் சாவுக்கு என்னக் கூப்பிட ஒருத்தரும் மெனக்கெடலன்னு சொல்லுதாவ” என்றார்.

அத்தான், உங்களிடம் யார் என்ன சொன்னார்களோ எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்த பிறகு கோபம் இருந்தால் இருக்கட்டும்.

கார்த்திகையில் மாமாவுக்கு மூச்சுமுட்டல் அதிகமாகிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். கடைசி இரண்டு நாளும் வாசல் பக்கம் யார் நடந்தாலும் நீங்கள்தான் என்று நினைத்து “பாண்டியா?” என்று கேட்டார். நான் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். காலையில் உயிர் பிரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு என் அண்ணன் கிராம அலுவலரிடம் சான்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறி உங்கள் சிறைக்கு வந்தார். அப்பா சாவுக்கு அவசர விடுப்பு உண்டு என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

அங்கே மனுவை வாங்கிக்கொண்டார்களாம். ஆனால் நம் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ரிப்போர்ட் வர வேண்டும் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. செத்துப்போன சுந்தரபாண்டியன் வீட்டார் பழிவாங்கக் காத்திருக்கிறார்கள், கைதி வந்தால் ஊரில் கலவரம் வரும், ஆயுதக் காவல் இல்லாமல் அனுப்பக் கூடாது என்று இருந்ததாம். காவலுக்கு ஆள் கேட்டால் எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள், ஆள் இல்லை என்று பதில். அண்ணன் அங்கேயே வாசலில் கிடந்து மறுநாளும் கெஞ்சிப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பினார்.

அதுவரை மாமாவை ஐஸ் வைத்துப் போட்டிருந்தோம். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. தூக்கினவர்கள் காலைக் கரிசல் மண் பிடித்து இழுத்தது, தடம் தெரியவில்லை. பாதி வழியில் இறக்கிவைத்து இறக்கிவைத்துத்தான் கொண்டுபோனார்கள். உங்கள் சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தார். “அண்ணன் நிக்க வேண்டிய இடத்துல நான் நிக்கேனே” என்று அழுதார். அநாதையாக அனுப்பவில்லை அத்தான். ஊரே வந்தது.

இனிமேல் எழுதுவதுதான் உங்களுக்குத் தெரியாதது.

காரியம் முடிந்த சில நாளில் சொர்ணத்தாய் நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஓடைத் தண்ணீர்த் தகராறில் நீங்கள் ஓங்கின மண்வெட்டியில் அவள் புருசன் சுந்தரபாண்டியன் சாய்ந்த நாளிலிருந்து அவள் நம் தெருவை மிதித்ததில்லை. வேலைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போகிறோம். நான் ஏறினால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் வந்து நின்றாள். உள்ளே வா என்றுகூட நான் கூப்பிடவில்லை.

அவளாகத்தான் கேட்டாள். “எங்க வீட்டுப் பேரைச் சொல்லியா உன் புருசன நிப்பாட்டுனாவ? எங்ககிட்ட யாரு வந்து கேட்டா? ஒரு போலீசுகூட எங்க வாசப்படி ஏறலையே. என் கொழுந்தன் திருப்பூர்ல கெடக்கான், வீட்டுல நானும் என் மகளுந்தான். நாங்களா கலவரம் பண்ணப் போறோம்?”

ஸ்டேஷன்காரர்கள் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்காமலேயே, இருந்த இடத்தில் உட்கார்ந்து எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நாங்களும்தான் கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அண்ணன் அத்தனை தூரம் பஸ்ஸில் போனார், இந்த இரண்டு தெருவைத் தாண்ட எங்களில் ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. ராத்திரி படுத்தால் இதுதான் நெஞ்சில் வந்து நிற்கிறது.

“எங்க சொல்லணுமோ அங்க வந்து சொல்லுதேன், கூட்டிக்கிட்டுப் போ” என்றாள். இரண்டு பேரும் கோவில்பட்டிக்குப் போனோம். ஒரே பஸ், வேறு வேறு சீட். ஸ்டேஷனில் ஒருவர், எழுதின ரிப்போர்ட்டைத் திருத்த முடியாது, அடுத்த மனு வரும்போது பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். பிறகு கைதிகளின் விடுப்பு மனுவை விசாரிக்கும் நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பார்த்தோம். அவர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, சொர்ணத்தாய் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதினதை வாசித்தும் காட்டினார். அதில், கைதியை நான் மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி இருந்தது.

அவள் எழுந்துவிட்டாள். “மன்னிச்சேன்னு நான் சொல்லலய்யா. அது என் சாவுவரைக்கும் வராது. அப்பன் சாவுக்கு மகன் வரட்டும், தகப்பனுக்குச் செய்ய வேண்டியதச் செய்யட்டும், எங்க வீட்டால அவருக்கு ஒண்ணும் வராதுன்னுதான் சொன்னேன். அத மட்டும் எழுதுங்க” என்றாள். அப்படி எழுதினால்தான் மேலே எடுபடும் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அந்த வரியை அடித்த பிறகுதான் கைநாட்டு வைத்தாள்.

நான் அங்கே அழுதுவிட்டேன் அத்தான். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஊர் விலக்கில் பஸ்ஸைவிட்டு இறங்கினதும், “உன் புருசன் வந்தா எங்க தெரு வழியா வர வேண்டாம்னு சொல்லு. என் மக ஸ்கூல் விட்டு வார நேரத்துல வெளிய நிக்க வேண்டாம்னு சொல்லு. வேற ஒண்ணுமில்ல” என்றாள். நான் சரி என்றேன். உங்களைக் கேட்காமல் உங்களுக்காக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போதும் வேனில் பேசுவதில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

புதியம்புத்தூரில் ரெடிமேடு துணி தைக்கும் ஒருவரிடம் உங்களைப் பற்றிக் கேட்டு வைத்தேன். முதலில் யோசித்தார். பிறகு, “வரட்டும், கையப் பாப்போம். எங்க படிச்ச தொழில்னு மத்தவங்ககிட்ட நீங்களாச் சொல்லிக்கிட வேண்டாம்” என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவ்வளவாவது சொன்னாரே என்று வந்துவிட்டேன். நந்தகோபாலுக்கு அதுவும் கிடைக்கவில்லை. நீங்கள் இப்படிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் பழகின கையும் மறந்துபோகும்.

செல்வி ஒன்பதாவது படிக்கிறாள். தாவணி போட ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் போகும்போது இடுப்பில் இருந்தவள். தாத்தா போன பிறகு அவர் கட்டிலில்தான் உட்கார்ந்து படிக்கிறாள். எங்கப்பா எப்படிம்மா பேசும் என்று ஒருநாள் கேட்டாள். அடுப்பில் உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

வருகிற கார்த்திகையில் மாமாவுக்கு வருசத் திதி. அதற்கு நீங்கள் மனு போட வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடாமல் யார் சொல்லியும் நகராது என்று நன்னடத்தை அலுவலர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சொர்ணத்தாய் சொன்னது அவர் கையில் இருக்கிறது. மறுபடியும் அனுப்ப மாட்டார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் கேட்காமலேயே இருந்துவிட்டோம் என்று இன்னொரு தடவை ஆகிவிட வேண்டாம்.

பங்குனி முதல் திங்கட்கிழமை செல்வியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நில்லுங்கள். அந்தக் கூச்சலில் நான் பேசுவது கேட்காது, நீங்களும் பேச வேண்டாம். என் மேல் கோபம் என்றால் நான் வாசலிலேயே நின்றுகொள்கிறேன், பிள்ளை மட்டும் உள்ளே வரட்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். செண்பகவல்லி அம்மன் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
வெயிலம்மாள்