மூச்சைப் பிடித்துக்கொண்ட தெரு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் அப்பா பிடுங்கிக்கொள்வார், நீ அழ ஆரம்பிப்பாய், நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். எழுதி முடித்ததும் மாடிவீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. பழைய தையல் மெஷின் மறுபடி நூலைக் கடிக்கிறது, அதைத் திட்டிக்கொண்டே ஓட்டுகிறேன். ஓய்ந்த நேரத்தில் நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், ஏதோ தொடர்கதை மாதிரி. அப்பாவுக்கும் ஆசைதான், ஆனால் எழுத்து பொடியாக இருக்கிறதாம், என்னையே வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். உலகத்தில் எல்லா ஏழை நாட்டுத் தண்ணீரையும் பற்றி எழுதப்போகிறேன் என்று கிளம்பியவளை உன் பேராசிரியை குறுக்கிக் குறுக்கி நம் தெருக் குழாய்க்குக் கொண்டுவந்து நிறுத்தினாரே, அந்த அம்மாளை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. உலகத்துக்கே கோட்டு தைக்கப் போனவளைச் சட்டைப் பையில் ஆரம்பி என்று உட்காரவைத்துவிட்டார். ஒன்றுதான் எனக்குப் புரியவே இல்லை. என்ன கேட்டேன் என்று எழுதினால் போதாதா, எப்படிக் கேட்டேன் என்பதற்குத் தனியாக ஒரு அத்தியாயமா என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை பாப்பா.

விஷயம் இதுதான். வெளிநாட்டு உதவியில் நம் தெருவுக்கு வீட்டுக்கு வீடு குழாய் வந்ததே, அதனால் பெண்களுக்கு நேரம் மிச்சமாகிறதா, அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று நீ கேட்கச் சொன்ன கேள்விகளை நான்தானே வீடு வீடாகக் கொண்டுபோனேன். எல்லாரும் சந்தோஷமாகப் பதில் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம், சின்ன வியாபாரம் பார்க்கிறோம், ஓய்வெடுக்கிறோம் என்றார்கள். இவ்வளவு தெளிவான பதில் யாருக்கும் கிடைத்ததில்லை அம்மா என்று நீ போனில் துள்ளினாய். அந்த அத்தியாயத்தை எழுத ஆரம்பித்துவிட்டேன், அடுத்த வாரம் கொடுக்க வேண்டும் என்றாய்.

நேற்று ரொட்டிக்கடைக்காரி, இறுக்கமாகிவிட்ட தன் கோட்டுத் தையலைப் பிரித்துத் தளர்த்திக்கொள்ள வந்தாள். உனக்குத் தெரியும், டேப்பை இடுப்பில் வைத்ததும் எல்லாரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஊர்க்கதை பேசவைத்து, மூச்சை விட்ட பிறகுதான் நான் அளவெடுப்பேன். அப்படிப் பேச்சுக் கொடுத்தபோது அவளே சொன்னாள், இந்தப் பாழாப்போன குழாயில தண்ணி எப்ப வரும்னே தெரியல, காத்துக் கெடந்து காத்துக் கெடந்து கடையத் தொறக்கவே முடியல, முன்னாடி குடத்தத் தூக்கிட்டுப் போனா வேலை முடிஞ்சுதுன்னு வந்துடலாம் என்று. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் என்னிடம் வியாபாரம் பெருகிவிட்டது என்று ஏன் சொன்னாய் என்றேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அக்கா, நம்ம புள்ள பாஸாக வேணாமா, கொறை சொன்னா அங்க மார்க்கக் கொறச்சிட மாட்டாங்களா என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். வேறு யார், உன் அப்பாதான். நான் கேள்வித்தாளோடு போவதற்கு முன்னாலேயே இவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று, என் பொண்ணு படிப்பே உங்க கையிலதான் இருக்கு, பாத்து நல்லவிதமாச் சொல்லுங்க என்று பிரச்சாரம் பண்ணியிருக்கிறார்! ஓட்டு கேட்கிறவர்கூட இவ்வளவு அலைந்திருக்க மாட்டார். மற்ற வீடுகளிலும் விசாரித்துவிட்டேன், எல்லாம் அதே கதை. அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறார். அவரை மட்டும் திட்டவும் என்னால் முடியாது. மிச்ச நேரத்தில் நடைப்பயிற்சிக்குப் போகிறேன் என்று என் பதிலை எழுதினேனே, நான் என்றைக்கடி நடந்தேன்? நீ சந்தோஷப்படுவாய் என்று கை தானாக எழுதிவிட்டது.

அதனால் அந்தப் பதில்களை வைத்து எழுதாதே கண்ணு. உன் வேலையில் நாங்களே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோம். கால அவகாசம் கேட்டால் கொடுப்பார்களா, படிப்பு தள்ளிப்போகுமா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நேற்றிலிருந்து ஒரு யோசனை என்னை விடமாட்டேன் என்கிறது. நம் தெருவே ஒரு பெண் பாஸாவதற்காக வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றதே, குழாய் போட்ட அந்த உதவிக்காரர்கள் வந்து கேட்டபோது என்ன சொல்லியிருப்போம்? அடுத்த உதவி நின்றுவிடுமோ என்று வேறு நாடுகளிலும் இப்படித்தான் சொல்வார்களா? நீ படிக்கிற தடித்தடி அறிக்கைகளில் எத்தனை இப்படி? இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா, இதற்கு உங்கள் படிப்பில் ஏதாவது பெயர் உண்டா? இருந்தால் எனக்கும் சொல், தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது. மறுபடி கேட்கச் சொன்னாலும் போகிறேன், இந்தத் தடவை அப்பாவை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு.

இன்னொன்றும் இருக்கிறது. மேலே முதல் வரியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறேன் பார், இப்போது திரும்பப் படிக்கும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் போனில் நீ கேட்பாய், நாங்களும் அதையே சொல்வோம். உன் எழுத்து பொடியாக இல்லை பாப்பா. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. சின்ன ஆபரேஷன்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்கிறார், அது நிஜம். ஆனால் நீ ஆய்வேட்டைக் கொடுத்து முடிக்கிறவரை உனக்குத் தெரியக்கூடாது, அதுவரை ஆபரேஷனும் வேண்டாம் என்று அடம்பிடிக்கிறார். தானே கண்ணால் வாசிக்க வேண்டுமாம் உன் புத்தகத்தை, வாசிக்கவும் ஆசை, ஆபரேஷன் வேண்டாமென்றும் பிடிவாதம்.

நீயே போன் பண்ணி அவரைக் கேள். நன்றாகத்தான் தெரிகிறது என்பார், விடாதே. கொஞ்சம் பேச்சுக் கொடுத்து, மூச்சை விட்ட பிறகு மறுபடி கேள். எடுத்த காரியம் நல்லபடியாக முடியட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். கோட்டுப் பொத்தானைத் தைத்துக்கொள், குளிரில் திறந்துபோட்டுத் திரியாதே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா